வெந்தயத் தண்ணீர் நிறத்தில் ஒரு வார்டு

தேஷ்பாண்டே சார் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

கோயில் இல்லை அது. புனேயின் கோந்த்வாவில் புதிதாகக் கட்டி முடித்திருந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்ப்பதற்கென்று முதல் மாடியில் ஒதுக்கிய நீளமான அறை. ஆறு தொட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. தரை முழுக்கப் பெயின்டர்கள் விரித்த பழைய செய்தித்தாள்கள். செருப்பைக் கழற்ற ஒரு காரணமும் கிடையாது.

ஆனால் காலை வெயில் அப்போதுதான் கிழக்கு ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. சுவர் அந்த ஒளியை வாங்கி, அறை முழுவதற்கும் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. தொட்டிலின் இரும்புக் கம்பிகள்கூட இளகினாற்போலத் தெரிந்தன. வெள்ளைக்கும் தங்கத்துக்கும் நடுவில், வெள்ளையின் பக்கம் சற்றுத் தள்ளி நின்ற ஒரு நிறம்.

"யாரும் ஒரு நிமிஷம் பேசாதீங்க" என்றாள் சித்ரா.

நாங்கள் யாருமே பேசிக்கொண்டிருக்கவில்லை.

சித்ரா அந்த ஆஸ்பத்திரிக்கு உள் அலங்காரம் செய்த பெண். கோயம்புத்தூர்க்காரி. படிப்பு முடித்துப் புனேவுக்கு வந்து, தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது. தேஷ்பாண்டே சார் என் முதலாளி. கசார்வாடியில் பழைய பம்பாய் ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு பெயின்ட் கலக்கும் பட்டறை இருந்தது. அங்கே நிறம் சேர்ப்பது என் வேலை. கேட்கிற நிறத்தைக் கண்ணால் பார்த்து, அதே நிறத்தைக் கலந்து கொடுக்க வேண்டும். அந்தச் சுவரின் நிறம் நான் கலந்தது.

"ஜெயாதாயி, இது உங்கள் கையா?" என்றார் சார் மராத்தியில். தாயி என்றால் அக்கா. ஏழெட்டு வருடம் என்னிடம் வேலை வாங்கியவர், அன்றைக்குத்தான் அப்படிக் கேட்டார்.

குடித்தவர் யாருமில்லை

நிறம் சேர்ப்பவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பேச்சு வருகிறது என்று கேட்டு, இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர் போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். பேசாமல் வேலை பார்த்த வருடங்களின் பாக்கி இது, அம்மா; பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்ரா முதன்முதலில் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டிய படத்தை மேஜைமேல் வைத்தாள். வெளிநாட்டு வீட்டின் படுக்கையறைப் படம்.

"இந்த ஷேட் வேணுமுங்க. ஷாம்பேன்னு சொல்லுவாங்க" என்றாள்.

"அது குடிக்கிற சரக்கில்லையா?" என்றார் சார்.

அதைக் குடித்தவரோ பார்த்தவரோ எங்கள் பட்டறையில் யாரும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்கி கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அம்மா ஜாடியில் ஊறப்போடும் திராட்சை ரசம் நாவல் பழம்போலக் கறுத்திருக்கும். அதற்கும் இந்தப் படத்துக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை.

மறுநாள் காலை விஷ்ராந்த்வாடியில் என் வீட்டுச் சமையலறையில் அந்த நிறம் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. இரவில் ஊறப்போட்ட வெந்தயத்தை வடிகட்டி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். அப்படியே நின்றுவிட்டேன். படத்திலிருந்த சுவர் என் கிண்ணத்துக்குள் இருந்தது.

அதனால் பட்டறை நோட்டில் அந்த நிறத்துக்கு 'வெந்தயத் தண்ணி' என்று தமிழில் பெயர் எழுதினேன். வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. சார் மட்டும் அந்த எழுத்துகளைப் பார்த்து, "ஏதோ ஜிலேபி பிழிந்திருக்கிறீர்கள்" என்பார்.

சாலையில் வந்த பொன்

உண்மையில் அந்த நிறம் எனக்கு அதற்கும் முன்பே பழக்கம். பெயர்தான் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரோட்டில் போன கார்களில் பாதி வெள்ளை. மீதி சிவப்பு, நீலம், கத்தரிப்பூ. ஒருநாள் கதவு நசுங்கிய கார் ஒன்று பட்டறை முன்னால் வந்து நின்றது. மாவுபோலத் தூளாக்கிய உலோகம் கலந்த, மெல்லிய பொன் நிறம். நேராக நின்று பார்த்தால் கோதுமைத் தாள். பக்கவாட்டில் வந்து பார்த்தால் ஈரமண். குனிந்து பார்த்தால் இரண்டும் இல்லை.

அந்த ஒரு கதவுக்கு மூன்று நாள் ஆயிற்று எனக்கு. நேரே பார்க்கச் சரியாக இருந்தது, நடந்து பார்த்தால் காட்டிக்கொடுத்தது. நாலாம் நாள் கதவை மாட்டிவிட்டு நானும் சாரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எந்தக் கதவு நசுங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கார்க்காரருக்கும் முடியவில்லை. தப்பான கதவைத் தடவிப் பார்த்து, "அருமை" என்றார்.

அதற்குப் பிறகு அது எங்கும் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு, மின்விசைப் பலகை, ஜன்னலின் அலுமினியச் சட்டம், கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளையின் நீளக் கோட்டு, பின்னால் கைப்பேசிகள் வந்தபோது அவற்றின் முதுகு. அசல் தங்கத்தைப்போல இது சத்தம் போடாது. வெள்ளையைப்போல அழுக்கைக் காட்டிக்கொடுக்காது. புனேயின் கோடைத் தூசியெல்லாம் அதன்மேல் படிந்தும் தெரியாமல் கிடக்கும். "வாரத்துக்கு ஒருதரம் கழுவினால் போதும்" என்று கார் வாங்கியவர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள்.

ஆனால் சுவருக்கு அதைக் கலப்பது வேறு வித்தை. வெள்ளையில் மஞ்சள் காவி விட்டால் லட்டு ஆகிவிடும். செங்காவி ஒரு துளி கூடினால் சந்தனம். கடைசியில் அதைக் காப்பாற்றியது கறுப்பு. ஒரு வாளிக்கு ஊசிமுனையளவு. அந்தக் கறுப்பு உள்ளே போனதும் மஞ்சள் வாயை மூடிக்கொண்டது. ஒளி மட்டும் மிஞ்சியது. பதினோராவது மாதிரி அட்டையில் அது நடந்தது. பார்த்ததும் என் முழங்கை வரை சிலிர்த்தது.

அந்த வாளிகள்தாம் கோந்த்வாவுக்குப் போயின.

எந்தப் பிள்ளை, சொல்லு

ஆஸ்பத்திரி திறந்து மூன்றாவது வாரம் பட்டறைக்கு ஒரு போன் வந்தது. ரோஸ்லின் அக்கா. அங்கே தலைமை நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் சர்ச்சுக்கு வருகிறவள் என்பதால் நல்ல பழக்கம்.

"ஏட்டி ஜெயா, நீ நேர்ல வா. இது போன்ல சொல்லுத விஷயம் இல்ல."

"என்னக்கா, பெயின்ட் உரியுதா?"

"உரிஞ்சா நல்லாத்தான் இருக்கும். வா நீ."

இரண்டு பஸ் மாறிப் போனேன். வார்டில் நாலு குழந்தைகள். பார்க்க வந்த பெண்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, "சோன்யாசார்க்கி, சோன்யாசார்க்கி" என்று மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கம்போல என்று அர்த்தம். தங்கம்போலத்தான் இருந்தார்கள் நாலு பேரும். எனக்கு மனசு நிறைந்தது.

அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய்த் தொட்டில்களுக்கு நடுவில் நிறுத்தினாள்.

"நீதான் நெறம் பாக்குத ஆளு. இதுல ஒரு பிள்ளைக்கு மஞ்சக்காமாலன்னு எனக்குச் சந்தேகம். எந்தப் பிள்ளை, சொல்லு பாப்பம்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாலும் ஒரே பொன்.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியலட்டி. முப்பது வருசமா பச்சப்பிள்ளைய பாக்கேன். வாசல்ல வரும்போதே சொல்லிருவேன். இந்த ரூமுக்குள்ள வந்தா எனக்குக் கண்ணு அவிஞ்சிருது."

சந்தேகம் வந்தது பால் குடிக்கும் விதத்தை வைத்து, நான் வந்து சேர்வதற்குச் சற்று முன்புதான் என்றாள். மூன்றாவது தொட்டில் பெண் குழந்தை அன்று காலையிலிருந்து சரியாகக் குடிக்காமல் தூங்கியே கிடந்ததாம். அவள் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். பக்கத்துத் தொட்டில் குழந்தையை இன்னொரு நர்ஸ் எடுத்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் தாழ்வாரத்தைத் தாண்டித் திறந்த பால்கனிக்குப் போனோம். மேகம் மூடிய, வெளிறிய பகல்.

இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்கள். அக்கா கட்டைவிரலால் ஒரு குழந்தையின் நெற்றியை மெல்ல அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவந்தது. அடுத்து மூன்றாவது தொட்டில் குழந்தையின் நெற்றியை அழுத்தினாள். விரலை எடுத்ததும் அந்த இடம் மஞ்சளாக நின்றது. நெஞ்சிலும் மஞ்சள். வயிற்றிலும் மஞ்சள்.

அவ்வளவு பளிச்சென்று தெரிந்த ஒன்று, இருபது அடி தள்ளி, என் சுவருக்கு முன்னால் இல்லவே இல்லாமல் இருந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குழந்தையை அணைத்தபடி டாக்டரம்மா அறையை நோக்கி ஓடினாள். கனத்த உடம்பு அவளுக்கு. அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

சாம்பல் அறை

இரத்தப் பரிசோதனை முடிவு அந்த மதியமே வந்தது. குழந்தையை உடனே நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரும்கூட. நிதானமான மராத்திப் பெண்மணி. இந்த அறையில் குழந்தைகளின் நிறம் தெரியவில்லை என்று இரண்டு வாரம் முன்பே ரோஸ்லின் அக்கா சொன்னபோது, "பரிசோதனை வசதி இருக்கிறதே சிஸ்டர்" என்று சிரித்திருக்கிறார். சந்தேகம் வந்தால்தானே பரிசோதனைக்கு அனுப்ப முடியும் என்பது அக்காவின் வாதம். அன்று டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பார்த்திருந்தால் இரத்தத்தையே மாற்ற வேண்டி வந்திருக்கலாம்" என்றார். பிறகு, "சிஸ்டர் சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

நான் வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு சின்ன அறை உண்டு. கலந்த நிறத்தை இறுதியாகச் சரிபார்க்கும் அறை. அதன் நாலு சுவரும் வெறும் சாம்பல். உள்ளே போகும்போது புடவைமேல் சாம்பல் நிற அங்கியைப் போட்டுக்கொள்வேன். நான் சிவப்புச் சேலை கட்டியிருந்தால் அந்தச் சிவப்பு அட்டையில் போய் விழும், கண்ணும் ஏமாறும். சுற்றியிருக்கிற நிறம் கண்ணை மாற்றிவிடும் என்பது என் தொழிலின் முதல் பாடம். அதைத் தினமும் செய்கிறவள் நான்.

ஒரு நர்ஸும் நாள் முழுக்க நிறம் பார்க்கிறவள்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. காருக்கு நான் கொடுத்த மரியாதையைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் சித்ரா வந்தாள். அவளுக்கு டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தார். வரும்போதே கண் சிவந்திருந்தது.

"லைட்டை மாத்திக்கலாமுங்க்கா. வெள்ளை டியூப் போட்டுட்டா சரியாப் போயிருமுங்க."

"போகாது சித்ரா. எந்த வெளிச்சம் போட்டாலும் சுவத்துல பட்டு மஞ்சளாத்தான் திரும்பும்."

"அடுத்த வாரம் பத்திரிகையில இருந்து போட்டோ எடுக்க வர்றாங்க. இந்த ஒரு ரூமுக்காகத்தானுங்க வர்றதே. உங்களுக்கே தெரியுமில்லீங்க, இது எப்பிடி வந்திருக்குன்னு."

தெரியும். நான் அதுவரை செய்ததில் அதுதான் சிறந்தது. அதைச் சொல்லாமல் அவளை நீல விளக்கு இருந்த அறைக்குக் கூட்டிப்போனேன்.

குழந்தையின் கண்களைப் பஞ்சு வைத்துத் துணியால் மூடியிருந்தார்கள். நீல வெளிச்சத்தில் கையும் காலும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. மார்பு மட்டும் விறுவிறுவென்று ஏறி இறங்கிற்று. கண்ணாடிக்கு வெளியே அதன் அப்பா விலாஸ் நின்றிருந்தார். கசார்வாடியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி லேத் பட்டறையில் வேலை. மனைவிக்குத் தலைப்பிரசவம், தாய்வீடு கோந்த்வாவில் என்பதால் இங்கே சேர்த்திருந்தார்கள். வேலைச் சட்டையை மாற்றாமல் வந்திருந்தார். யார் நாங்கள் என்று தெரியாமலே எங்களுக்கு நகர்ந்து இடம் விட்டார்.

சித்ரா வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்மளாலயாங்க்கா?"

"காமாலை தானா வந்தது. பல பிள்ளைகளுக்கு வரும். பாக்க விடாம மறைச்சதுதான் நாம."

கீழே இறங்கிப் போனவள், வரவேற்பறைப் போனிலிருந்து பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டார்கள்போலிருக்கிறது. "நிறம் தப்பாப் போட்டுட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. போட்டுட்டோம் என்று சொல்லவில்லை.

பயத்துக்கு என்ன நிறம்

வார்டுக்கு மறுபடி நானே கலந்தேன். வெள்ளையில் அரைச் சாம்பல்கூட இல்லை, சாம்பலின் நிழல். எந்தப் பக்கமும் சாயாத நிறம். குழந்தைகளை அம்மாக்களின் அறைகளுக்கு மாற்றிவிட்டு இரண்டே நாளில் அடித்து முடித்தோம். முதல் உருளை அந்தப் பொன்மேல் ஓடியபோது தேஷ்பாண்டே சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அது மறைவதைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று.

ரோஸ்லின் அக்கா உள்ளே வந்து தன் முழங்கையைச் சுவருக்கு எதிரே நீட்டி, முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இப்பம் எனக்குக் கண்ணு தெரியுது" என்றாள்.

வெந்தயத் தண்ணீர் மூன்று வாளி மிச்சம் இருந்தது. அதை அம்மாக்களின் அறையில் அடிக்கலாமே என்று கேட்டேன்.

"சோலியப் பாரு. பெத்தவளுக்கு ரெத்தம் கொறஞ்சா மூஞ்சி வெளுக்கும். அது தெரியாண்டாமா எனக்கு?"

"அப்ப எங்கதானுங்க அடிக்கிறது?" என்றாள் சித்ரா. தோற்ற குரல்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கீழே காத்திருப்போர் கூடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாள். மூன்று வரிசை நாற்காலிகள். வெள்ளைச் சுவரில் ஒரு கடிகாரம். அதைப் பார்த்தபடி ஏழெட்டுப் பேர். விலாஸும் அவர்களில் இருந்தார்.

"இங்க அடி. இங்க இருக்கவங்களுக்கு ஒரு சீக்கும் கிடையாது. பயம் மட்டுந்தான். அத மறைச்சா யாருக்கும் நட்டமில்ல."

சித்ரா சிரித்தாள். நாலு நாளில் முதல் தடவை.

கூடத்தில் அடித்து முடிந்த மறுநாள் காலை நான் போனேன். சித்ராவும் வந்திருந்தாள். தன் வேலைக் கோப்பில் வைப்பதற்காகப் படம் எடுக்கக் கேமராவோடு வந்திருந்தாள். மேற்குப் பார்த்த கூடம் அது. நேர் வெயில் வராது. எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் வாசல் வழியாக உள்ளே வந்தது. அவ்வளவு கொஞ்சம் போதுமாக இருந்தது அந்த நிறத்துக்கு. உட்கார்ந்திருந்தவர்கள் முகங்களில் தூக்கமின்மை மறைந்திருந்தது. மூலையில் ஒரு பெரியவர் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று விலாஸின் குழந்தை வீட்டுக்குப் போகும் நாள். காலைப் பரிசோதனை நல்லபடி வந்திருந்தது. அவரும் மனைவி சுனிதாவும் துணிப்பையோடு நின்றார்கள். ரோஸ்லின் அக்கா மாடியிலிருந்து குழந்தையைத் தானே தூக்கி வந்தாள். நேரே அவர்களிடம் போகவில்லை. கூடத்தின் நீளச் சுவருக்கு அருகே போய், சுற்றியிருந்த துணியை விலக்கிக் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தாள்.

யாரோ நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

குழந்தை பொன்னாக இருந்தது. கன்னம், காது மடல், விரித்த அஞ்சு விரல் எல்லாம்.

விலாஸ் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "சிஸ்டர், மறுபடியும் மஞ்சளா?"

"இல்லை தம்பி" என்றாள் அக்கா, தன் உடைந்த மராத்தியில். "உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. நான் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன். இது சுவர் கொடுக்கிறது. பயப்படாமல் பார்."

அவர் பார்த்தார். சுனிதா பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த நிறத்தைக் கலந்தவள் நான்தான் என்பது எனக்கே நம்பும்படியாக இல்லை. ஊசிமுனைக் கறுப்பும் கொஞ்சம் காவியும் வாளி வெள்ளையும் சேர்ந்து ஒரு பிள்ளையை மறைக்கவும் செய்யுமா, இப்படிக் காட்டவும் செய்யுமா?

"படம் எடுக்கலையா?" என்று சித்ராவை மெதுவாகக் கேட்டேன்.

"அப்புறமுங்க்கா" என்றாள். கேமரா பைக்குள்ளேயே இருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.